வராத வரவு

கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்களிடம் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, பெட்டியில் வந்து விழுந்ததைச் சிட்டையில் எழுதிப் பேரேட்டில் ஏற்றும் கணக்கு. மற்றொன்று, ‘இந்தப் பெருநாளைக்கு இவ்வளவு விற்கும், அந்தச் சரக்கு வந்து இறங்கினால் இவ்வளவு நிற்கும்’ என்று மனத்துக்குள்ளே போட்டுக்கொள்ளும் கணக்கு. முதற் கணக்கைக் கணக்கப்பிள்ளை பார்ப்பார். வரி அலுவலரும் பார்ப்பார். இரண்டாம் கணக்கை நம்மைத் தவிர வேறு யாரும் பார்ப்பதில்லை. ஆயினும் இராத் தூக்கத்தைக் கெடுப்பது அதுவே. வராத வரவைப் பேரேட்டில் ஏற்றலாகாது என்பது, கடையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே நமக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கப்பட்ட பாடம்.

சரக்கு விஷயத்தில் இத்தனை கண்டிப்பாக இருக்கும் நாம், மனிதர் விஷயத்தில் அந்தக் கண்டிப்பைக் கைவிட்டு விடுகிறோம். இள வயதில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், அந்த வீட்டு வாசலில் கூடியிருப்போர் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். ‘இருந்திருந்தால் இந்நேரம் டாக்டராகியிருப்பான்.’ ‘இருந்திருந்தால் அத்தாவின் ஒரு கடையை மூன்று கடையாக்கியிருப்பான்.’ இறந்தவர் செய்து வைத்ததைப் பேச ஐந்து நிமிடம்; செய்யாமல் விட்டதைப் பேச இரண்டு மணி நேரம். இவ்விதம் பேசுவது இறந்தவருக்கு நாம் செய்யும் மரியாதையா? உயிரோடிருக்கும் பெற்றோருக்குச் செய்யும் ஆறுதலா? அல்லது இரண்டுமே இல்லையா? இளமையில் இறந்தவரை எவ்விதம் நினைவுகூர்வது முறை என்னும் இக்கேள்வியை, உலகறிந்த ஒரு காற்பந்தாட்டக்காரரின் வாழ்வை முன்னே வைத்து ஆராய்ந்து பார்ப்போம்.

மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரைக் கேளாதவர் நம்மில் இரார். சனிக்கிழமை இரவுகளில் அந்தக் குழுவின் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகக் கடைப் பையன்கள் பலகையை இழுத்து மூட அவசரப்படுவது நாம் வழக்கமாகக் காணும் வேடிக்கை. அந்தக் குழுவில் ஆடி, 21 வயதில் இறந்துபோனவர் டங்கன் எட்வர்ட்ஸ். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ‘அவர் இருந்திருந்தால்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆகையால் நம் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அவர் 1936ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1ஆம் தேதி, இங்கிலாந்தில் தட்லி என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்புப் பட்டறைகளும் நிறைந்த வட்டாரம் அது. உழைத்துச் சாப்பிடும் குடும்பம். பள்ளியில் படிக்கும்போது பந்தாட்டத்தில் மட்டுமல்ல, ஆங்கிலேயரின் நாட்டுப்புற நடனத்திலும் அவர் கெட்டிக்காரர். தேசிய நடன விழாவுக்கும் பள்ளிச் சிறுவர் காற்பந்துத் தேர்வுக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது. அவர் பந்தைத் தேடிப் போனார். 1952இல் மான்செஸ்டர் யுனைடெட் அவரைச் சேர்த்துக்கொண்டது. பந்து கைவிட்டாலும் சோறு போட ஒரு தொழில் வேண்டுமென்று தச்சு வேலையும் பழகினார். பிள்ளைகளைக் கடையில் உட்காரவைத்துக்கொண்டே படிக்கவும் அனுப்புகிற நமக்கு இந்த முன்யோசனை புதிதன்று.

1953ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4ஆம் தேதி, கார்டிப் குழுவுக்கு எதிரே முதல் தர ஆட்டத்தில் அவர் இறங்கியபோது வயது 16. 1955 ஏப்ரல் 2ஆம் தேதி, வெம்பிளித் திடலில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து நாட்டுக் குழுவில் ஆடியபோது வயது 18. அன்று இங்கிலாந்து 7க்கு 2 என்று வென்றது. அவ்வளவு சிறு வயதில் அந்நாட்டுக்கு ஆடியவர் யுத்தத்துக்குப் பிறகு வேறொருவரும் இல்லை என்ற நிலை 1998இல் மைக்கேல் ஓவன் வரும்வரை, ஏறத்தாழ 43 ஆண்டுகள் நீடித்தது. நாட்டுக்காக 18 ஆட்டங்கள், 5 கோல்கள். கழகத்துக்காக 177 ஆட்டங்கள், 21 கோல்கள். 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய குழுவே லீக் வெற்றிக் குழு. 1953, 1954, 1955 மூன்று ஆண்டுகளிலும் இளைஞர் கோப்பையை வென்ற குழுவிலும் அவர் இருந்தார். இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1955இல் நாட்டுக் குழுவில் ஆடிய பிறகும், ‘நான் பெரிய ஆட்டக்காரன்’ என்று ஒதுங்கி நில்லாமல், தம் வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து இளைஞர் கோப்பைக்கும் ஆடினார். ஆட்டக்காரர்களின் வாரச் சம்பளத்துக்கு அந்நாட்டில் உச்சவரம்பு வைத்திருந்த காலம் அது. 1961இல்தான் அது நீங்கியது. ஆகவே அவருடைய மதிப்பைப் பணத்தால் அளக்கவும் வழியில்லை.

இவ்வளவும் பெட்டியில் வந்து விழுந்த வரவு. யாரும் மறுக்க முடியாதது. இனி, நின்றுபோனதைப் பார்ப்போம்.

1958 பிப்ரவரி 5ஆம் தேதி, யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடு நகரில் ரெட் ஸ்டார் குழுவோடு 3க்கு 3 என்று சமன் செய்து, ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்கு மான்செஸ்டர் யுனைடெட் தகுதி பெற்றது. மறுநாள் திரும்பும் வழியில் எண்ணெய் நிரப்புவதற்காக விமானம் ஜெர்மனியின் மூனிச் நகரில் இறங்கியது. ஓடுபாதையில் உருகிய பனிச் சேறு. இரண்டு முறை புறப்பட முயன்று நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் முறை ஓடியபோது, சேற்றில் சிக்கி வேகம் குறைந்து, எழும்ப மாட்டாமல் வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது. விமானத்தில் இருந்தோர் 44 பேர். இறந்தோர் மொத்தம் 23 பேர். அவர்களில் ஆட்டக்காரர்கள் 8 பேர்.

எட்வர்ட்ஸ் உடனே இறக்கவில்லை. கால்களும் விலா எலும்புகளும் முறிந்து, சிறுநீரகங்கள் கெட்டுப்போன நிலையிலும் 15 நாள் போராடினார். செயற்கைச் சிறுநீரக இயந்திரம் ஒன்றை வேறோர் ஊரிலிருந்து அவருக்காகக் கொண்டுவந்தார்கள். அந்த உடம்பின் வலிமையைக் கண்டு மருத்துவர்களே வியந்தார்கள். குழுவின் துணை மேலாளர் ஜிம்மி மர்பி பார்க்கப் போனபோது, சனிக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று அவர் விசாரித்ததாக மர்பி சொன்னார். பிப்ரவரி 21ஆம் தேதி அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. சொந்த ஊரில் அவரை அடக்கம் செய்த நாளில் தெருவோரங்களில் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள்.

அன்று தொடங்கியது இரண்டாம் புத்தகம். 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது, அதைக் கையில் ஏந்தியவர் குழுத் தலைவர் பாபி மூர். எட்வர்ட்ஸ் இருந்திருந்தால் அவருக்கு அப்போது வயது 29. அவரே தலைவராக இருந்திருப்பார், கோப்பையை அவரே ஏந்தியிருப்பார் என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்லி வருகிறார்கள். நூறு ஆட்டங்களுக்கு மேல் நாட்டுக்கு ஆடியிருப்பார் என்பாரும் உளர். உலகமே அதுவரை கண்டிராத ஆட்டக்காரராக விளங்கியிருப்பார் என்பாரும் உளர்.

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். 24 வயதில் முழங்கால் முறிந்து ஆட்டத்தை விட்டவர் எத்தனையோ பேர். பதினெட்டில் ஒளி வீசி இருபத்தைந்தில் மங்கினவர்களும் எத்தனையோ பேர். முதல் வருஷம் கூட்டம் அலைமோதிய கடை ஐந்தாம் வருஷத்தில் மூடிக்கிடப்பதை நம் கடைத்தெருவிலேயே பார்க்கிறோம் அல்லவா? எட்வர்ட்ஸும் அப்படி ஆகியிருப்பார் என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பக்கத்துக்கும் சொல்ல நமக்குச் சாட்சியம் இல்லை என்றே சொல்லுகிறோம். மேலும், அந்தக் கோப்பையை எட்வர்ட்ஸின் கையில் நாம் எழுதும்போது, அதை உண்மையிலேயே வியர்வை சிந்தி வென்ற பாபி மூரின் கையிலிருந்து பிடுங்கி அல்லவா எழுதுகிறோம்? வராத வரவை ஒருவர் பேரில் எழுதப் போனால், வந்த வரவை மற்றொருவர் பேரில் அடித்துவிட நேர்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ‘அவரோடு ஆடியவர்களே சொல்லுகிறார்களே, அது சாட்சியம் ஆகாதா?’ என்று கேட்கலாம். 2023இல் மறைந்த பாபி சார்ல்டன், அதே விமான விபத்தில் உயிர் தப்பியவர். 1966இல் உலகக் கோப்பையை வென்ற குழுவிலும் ஆடியவர். தம்மைச் சிறியவனாக உணரவைத்த ஆட்டக்காரர் எட்வர்ட்ஸ் ஒருவரே என்று அவர் முதுமை வரை சொல்லி வந்தார். இது உயர்ந்த சாட்சியம். நாம் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அவர் எதற்குச் சாட்சி சொன்னார் என்பதைப் பார்க்க வேண்டும். கண்ணால் கண்ட ஆட்டத்துக்குச் சாட்சி சொன்னார். அவர் பக்கத்தில் நின்று ஆடிய ஐந்தாண்டுகளுக்குச் சாட்சி சொன்னார். அது முதற் புத்தகத்தில் சேர வேண்டிய வரவு. அதைக் காரணம் காட்டி இரண்டாம் புத்தகத்தை நிரப்புவதற்கு அந்தச் சாட்சியம் போதாது.

‘இருந்திருந்தால்’ என்னும் அளவுகோலில் இன்னொரு பெரிய குறை இருக்கிறது. அது எல்லாரையும் அளப்பதில்லை. அதே விமானத்தில் ஜெப் பென்ட் என்ற ஆட்டக்காரரும் இருந்தார். குழுத் தலைவர் ராஜர் பேர்னுக்குக் காயம் பற்றிய சந்தேகம் இருந்ததால், ஒருவேளை தேவைப்பட்டால் ஆகும் என்று அவரை அழைத்துப் போனார்கள். தேவைப்படவில்லை, பேர்னே ஆடினார். பென்ட் லீக்கில் கழகத்துக்காக மொத்தம் ஆடியது 12 ஆட்டங்கள். அவரும் இறந்தார். ‘இருந்திருந்தால் பென்ட் என்ன ஆகியிருப்பார்’ என்று யாரேனும் கட்டுரை எழுதக் கண்டதுண்டா? 8 பத்திரிகையாளர்கள் இறந்தார்கள்; குழுவின் பணியாளர் மூவர் இறந்தார்கள்; விமான ஊழியர் இருவர், கூடப் பயணம் செய்தவர் இருவர். அவர்களுடைய எதிர்காலங்களும் அதே பனிச் சேற்றில்தான் நின்றுபோயின.

அவ்வளவு தூரம் போவானேன்? எட்வர்ட்ஸின் வீட்டுக்குள்ளேயே பார்ப்போம். அவருக்கு ஒரே ஒரு தங்கை. 1947இல், பிறந்து 14 வாரத்தில் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. பெற்றோர் பெற்றது இரண்டு பிள்ளைகள். இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தார்கள். அண்ணனின் நிகழாத முப்பது ஆண்டுகளை உலகம் கணக்கிட்டது. தங்கையின் நிகழாத எழுபது ஆண்டுகளை யாரும் கணக்கிடவில்லை. அந்தத் தாய்க்கு ஒரு பிள்ளையின் இழப்பு பெரிது, மற்றதன் இழப்பு சிறிது என்று எந்தத் தராசு சொல்லும்? திறமையின் பேரில் எதிர்காலத்தை எடை போடுகிற தராசு, திறமை காட்ட நாளில்லாமல் போனவர்களை வெறுந்தட்டாகவே காட்டும். அப்படிப்பட்ட தராசை நாம் கடையில் வைத்திருந்தால் சட்டம் நம்மைச் சும்மா விடாது.

எதிர்காலம் நம் கணக்குக்கு எவ்வளவு அடங்காதது என்பதற்கும் இந்தச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. விபத்து நடந்து 13ஆம் நாள், பிப்ரவரி 19ஆம் தேதி, மான்செஸ்டர் யுனைடெட் ஷெபீல்டு வென்ஸ்டே குழுவோடு ஆட வேண்டியிருந்தது. எட்வர்ட்ஸ் அப்போது மூனிச் மருத்துவமனையில் உயிரோடிருந்தார். யார் யார் ஆடுவார்கள் என்று அச்சுக்குக் கொடுக்கும் நேரம்வரை தெரியவில்லை. ஆகவே ரசிகர்களுக்கு விற்ற ஆட்ட மலரில், யுனைடெட் பக்கத்தில் பெயர்கள் இருக்க வேண்டிய 11 இடங்களையும் வெற்றிடமாகவே விட்டு அச்சிட்டார்கள்.

அந்த வெற்றிடங்களில் ஒன்றை நிரப்பியவர் ஷே பிரென்னன். வயது 20. முதல் தர ஆட்டம் அதுவரை ஆடியதில்லை. பின்னாளில் தற்காப்பில் நின்ற அவரை, வேறு ஆள் இல்லாமல் இடது ஓரத்தில் முன்னாட்டக்காரராக நிறுத்தினார்கள். அன்று யுனைடெட் அடித்த 3 கோல்களில் 2 அவருடையவை. பத்தாண்டு கழித்து, 1968 மே 29ஆம் தேதி, எந்தக் கோப்பைக்காகப் போய் அந்தப் பிள்ளைகள் இறந்தார்களோ அதே ஐரோப்பியக் கோப்பையை மான்செஸ்டர் யுனைடெட் வென்றது. அன்றைய 11 பேரில் பிரென்னனும் ஒருவர். விபத்துக்கு முந்திய நாள் வரை, ‘இவன் இருந்தால் இன்னது செய்வான்’ என்று எவரும் அவர் பேரில் வரவு எழுதியிருக்க மாட்டார்கள். எதிர்பார்த்த வரவு நின்றது; எதிர்பாராத வரவு வந்தது. வந்தது நின்றதற்கு ஈடாகிவிட்டது என்று நாம் கூறவில்லை. ஓர் உயிருக்கு இன்னோர் உயிர் ஈடாகாது. நாளைய கணக்கை எழுதும் பேனா நம் கையில் இல்லை என்பதே நாம் சொல்ல வருவது.

‘இருந்திருந்தால்’ என்ற பேச்சுக்கு ஒரு தம்பி உண்டு. ‘அப்படிச் செய்யாதிருந்தால்’ என்பது அவன் பெயர். மூன்றாம் முறை புறப்படாதிருந்தால்? அன்றிரவு மூனிச்சிலேயே தங்கியிருந்தால்? இந்தக் கேள்விகள் ஒரு மனிதரின் வாழ்வையே தின்றுவிட்டன. விமானத் தலைவர் ஜேம்ஸ் தெயின் விபத்தில் பிழைத்தார். இறக்கையில் படிந்த பனியை அகற்றாமல் புறப்பட்டது அவர் குற்றம் என்று ஜெர்மன் விசாரணை சொன்னது. அவருடைய வேலை போயிற்று. கோழிப் பண்ணை வைத்துப் பிழைத்தார். பனிச் சேறே காரணம், அவர் மேல் குற்றமில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை சொல்ல 1969 ஆயிற்று. 11 ஆண்டுகள்! 1975இல் அவரும் இறந்துவிட்டார். காரணத்தை ஆராய்வது தேவையே. பனிச் சேறு விமானத்தின் வேகத்தை எவ்வளவு கெடுக்கும் என்பதை உலகம் அதனால் தெரிந்துகொண்டது. பின்னால் பறந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் காரணம் தேடுவது வேறு. துக்கத்தை இறக்கி வைக்க ஒரு தலை தேடுவது வேறு.

அந்த விமானத்திற்குள் நடந்த ஒன்றைச் சொன்னால் ‘செய்யாதிருந்தால்’ கணக்கு எவ்வளவு பொய்யானது என்பது விளங்கும். மூன்றாம் முறை புறப்படும் முன்பு, சிலர் பின்பக்கம் பத்திரம் என்று எண்ணி அங்கே மாறி உட்கார்ந்தார்கள். பாபி சார்ல்டனும் டென்னிஸ் வயலட்டும் முன்னே வந்தார்கள். டாமி டெய்லரும் டேவிட் பெக்கும் அவர்கள் இடத்துக்குப் போனார்கள். பத்திரம் தேடிப் பின்னே போனவர்கள் இறந்தார்கள். முன்னே வந்தவர்கள் பிழைத்தார்கள். இதில் யார் சரியாக யோசித்தார், யார் தவறாக யோசித்தார் என்று எந்த அறிவாளி தீர்ப்புச் சொல்லுவார்? ஹயாத்தை அளந்து கொடுப்பவன் நம்மிடம் அளவுகோலைக் கொடுத்து வைக்கவில்லை.

அப்படியானால், இளமையில் இறந்தவருக்காகக் கலங்கவே கூடாதா என்று அன்பர்கள் கேட்கலாம். அப்படி நாம் சொல்லவில்லை. அந்த இரண்டாம் புத்தகம் முழுவதும் பொய் என்றும் சொல்லவில்லை. பெற்றவர்களுக்கு அது உண்மை. பிள்ளையைச் சுமந்த நாளிலிருந்து தாய் அதில் எழுதிக்கொண்டே வருகிறாள். அது அவளுடைய புத்தகம். அதைத் திறக்கவும் மூடவும் அவளுக்கே உரிமை. நடு இரவில் அவள் அதைத் திறந்து அழுதால் நாம் யார் தடுக்க? நம் குற்றம் எங்கே இருக்கிறது என்றால், அவளுடைய புத்தகத்தில் நாம் பேனா எடுத்து எழுதப் போவதில் இருக்கிறது. துக்கம் கேட்கப் போனவர், ‘இன்னும் இவ்வளவு போயிற்றே, இன்னும் இவ்வளவு போயிற்றே’ என்று அவள் இழப்பைக் கூட்டிக் காட்டிவிட்டு, தேநீர் குடித்து எழுந்து வந்துவிடுகிறார். அந்தக் கூட்டுத்தொகையோடு வீட்டில் தனித்து இருப்பவள் அவளே.

எட்வர்ட்ஸின் தந்தை பிற்காலத்தில் தட்லி இடுகாட்டிலேயே தோட்டவேலை பார்த்தார். மகன் அங்கே கிடக்கிறான் என்பதால் வந்து சேர்ந்திருக்கிறார் என்று ஊரார் நினைத்தார்கள். 1960களில் தம்மைக் காண வந்த ஓர் எழுத்தாளரிடம், அது காரணமில்லை என்று அவர் சொன்னார். வேலையை மாற்ற வேண்டியிருந்தது. பூச்செடிகள் என்றால் தமக்கு எப்போதுமே பிரியம் என்றார். இந்த விடையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் மறைத்துச் சொன்னாரா, உள்ளபடியே சொன்னாரா என்று தோண்டிப் பார்ப்பது நம் வேலையன்று. ஊர் எல்லாம் சேர்ந்து அவரை, ‘மகன் போன தந்தை’ என்ற ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டபோது, பூக்களை நேசிக்கிற ஒரு மனிதனும் இங்கே இருக்கிறான் என்று அவர் பணிவாக நினைவூட்டினார் என்றே நாம் கொள்கிறோம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நமக்குத் தெரிந்த ஒரு கடையில் ஊரிலிருந்து வந்து வேலை பார்த்த 19 வயதுப் பையன் ஒருவன் சாலை விபத்தில் மௌத்தானான். ஊரில் இருந்த தாய்க்குப் போன் போட்டுப் பேசியவர்கள் எல்லாரும், ‘நல்ல சூட்டிகையான பையன், இருந்திருந்தால் தனிக்கடை போட்டு முதலாளியாகியிருப்பான்’ என்றார்கள். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லையாம். சில நாள் கழித்து, பக்கத்து அடுக்குமாடியில் தனியே வாழும் ஒரு சீனக் கிழவி அந்தக் கடைக்கு வந்து, ‘அரிசி மூட்டையைத் தினமும் மாடிக்குத் தூக்கி வந்து வைக்கும் பையனைக் காணோமே’ என்று விசாரித்தாள். லிப்ட் பழுதான நாளிலும் அவன் படியேறி வந்து வைத்துவிட்டுப் போவானாம். காசு கொடுத்தால் வாங்க மாட்டானாம். இந்தச் செய்தி கடையில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தாய்க்குச் சொன்னபோது அந்த அம்மாள், ‘இன்னொரு தடவை சொல்லுங்கள் தம்பி’ என்றாளாம். முதலாளியாகியிருப்பான் என்ற பேச்சை இன்னொரு தடவை அவள் கேட்கவில்லை.

அன்பர்களே, இதுவே நாம் சொல்ல எடுத்துக்கொண்ட விஷயத்தின் சாரம். இறந்தவரிடமிருந்து நாம் பெற்றது எவ்வளவோ இருக்கிறது. அதில் பாதியை நாம் இன்னும் எழுதவே இல்லை. எட்வர்ட்ஸ் சிறுவர்களுக்குக் காற்பந்து கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்றை எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அது வெளிவந்தது. 21 வயதில், தாம் கற்றதைத் தம்மிலும் சின்னவர்களுக்குக் கொடுக்க நினைத்த மனம் அது. அவர் ஏந்தாத உலகக் கோப்பையைப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அவர் எழுதிய இந்தப் புத்தகத்தைப் பேசுகிறார்கள்? தட்லியில் உள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்தின் கண்ணாடிச் சாளரத்தில் 1961இல் அவர் உருவத்தைத் தீட்டி வைத்தார்கள். இங்கிலாந்துச் சட்டையோடும் கழகத்துச் சட்டையோடும் அவர் அங்கே நிற்கிறார். உண்மையில் உடுத்திய இரண்டு சட்டைகள். அந்த ஊரார் கணக்கைச் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே நம் வணிகச் சகோதரர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுதான். இனி ஓர் இளைஞன் இறந்த வீட்டுக்கு நீங்கள் போக நேர்ந்தால், போகும் வழியில் சிறிது யோசித்துக்கொண்டு போங்கள். அவன் செய்ததில் உங்கள் கண்ணால் கண்ட ஒன்றைத் தேடி எடுங்கள். கடனை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தானா, கிழவர் ஒருவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டானா, திடலில் விழுந்த எதிர்க்குழுப் பையனைக் கைகொடுத்துத் தூக்கினானா, ஏதேனும் ஒன்று. சிறியதாக இருந்தாலும் குற்றமில்லை. அந்த வீட்டார் அறியாததாக இருந்தால் மிகவும் நல்லது. அதைச் சொல்லிவிட்டு அமைதியாக உட்காருங்கள். உங்களுக்குச் சொல்ல ஒன்றுமே அகப்படவில்லையானால், அவன் உயிரோடிருந்தபோது நாம் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். அப்போது திரும்பி வந்து, இன்று நம் கடையில் மூட்டை சுமக்கிற பிள்ளையை, நம் வீட்டில் பந்தை உதைத்துச் சன்னலை உடைக்கிற பிள்ளையைக் கண் நிறையப் பாருங்கள். அவன் நாளை என்னவாக ஆவான் என்பது இருக்கட்டும். இன்று அவன் என்ன செய்கிறான் என்பதை இன்றே குறித்து வைத்துக்கொள்வோம்.